பிரம்பும் மறக்கருணையும்

உயிர்கட்கு உடம்பும் கருவிகளும் உலகும் நுகர்பொருளும் கூட்டி, அவற்றின் வழியே அறிவு விளங்கச் செய்தல் இறைவனது பெருங்கருணை என்பது சைவ சித்தாந்தத் துணிபு. அக்கருணையின் சிறியதொரு நிழலாக இவ்வுலகில் நிற்பது ஆசிரியத் தொழில். அதனுள்ளும் தொடக்கப்பள்ளி ஆசிரியரது தொழில் மிக அருமையுடைத்து. கல்லூரி புகுவோர் கற்க விரும்பிப் புகுவோர். தொடக்கப்பள்ளிக்கு வரும் மகவோ கற்றல் இன்னதென்று அறியாது, தாயின் முந்தானையை விட மனமின்றி வருவது. அதனை ஓரிடத்து இருத்தவும், வாயடங்கக் கேட்பிக்கவும், பிறரோடு பொருந்தி ஒழுகச் செய்யவும் கடமைப்பட்ட ஆசிரியர், அதன்பொருட்டுக் கையிற் பிரம்பெடுத்தல் அறமாகுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, கொடைக்கானல் மலைக்குச் செல்வோர் புகைவண்டியினின்று இறங்கும் ஊர் கொடைரோடு. அப்பெயர் புகைவண்டி நிலையத்தால் வந்தது. ஊரின் பழம்பெயர் அம்மையநாயக்கனூர். ஒருபால் சிறுமலையும் அதன் அடிவாரத்துத் திராட்சைப் பந்தல்களும், மற்றொருபால் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் பூ அனுப்பும் மல்லிகைத் தோட்டங்களும் உள. இத்தகைய ஊர்ப்புறத்துப் பள்ளிகளில் வந்தமரும் பிள்ளைகளுட் பலர் தோட்டவேலை செய்வோர் மக்கள். மல்லிகை மொட்டு விடியுமுன்னரே பறிக்கப்படுவது. தாய் பூப்பறிக்கப் போயின பின், தங்கையை எழுப்பிக் கஞ்சி ஊட்டி, பள்ளிமணி அடித்த பின்னர் மூச்சிரைக்க ஓடி வந்து வாயிலில் நிற்கும் ஒரு பிள்ளையின் முன்னிலையிலேதான் ஆசிரியரது அறம் சோதிக்கப்படுகிறது. அங்கே அவர் செய்வது யாது, செய்யத்தக்கது யாது என்பதை மனத்துக்கொண்டே இவ்வாராய்ச்சி செல்லுதல் வேண்டும்.

பழைய திண்ணைப்பள்ளிகளில் ஏடும் எழுத்தாணியும் போலப் பிரம்பும் ஒரு கல்விக்கருவியாகவே எண்ணப்பட்டது. சென்னை மாகாணத்துக் கல்விநிலையை ஆராயுமாறு 1822ஆம் ஆண்டில் ஆளுநர் தாமஸ் மன்றோ ஆணையிட்டார். அதற்கிணங்கப் பல்லாரி மாவட்ட ஆட்சியராயிருந்த காம்ப்பெல் என்பார் 1823ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையில், அக்காலப் பள்ளிகளின் காலை நிகழ்ச்சி ஒன்று விளங்குகின்றது. முதலில் வரும் மாணவன் உள்ளங்கையிற் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருபவன் கையில், புகழும் இல்லை இகழும் இல்லை என்பதற்கு அறிகுறியாகச் சுழியம் எழுதப்படும். மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருவோர்க்கு ஒவ்வோர் அடி மிகும். சோம்பும் பிள்ளையின் இரு கைகளையும் கட்டிக் கூரையினின்று தொங்கவிடுதலும் அவ்வறிக்கையிற் குறிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டார் அதனைக் கோதண்டம் போடுதல் என்பர். இவற்றைச் செய்தார் யாவரும் கொடியரல்லர். அவருட் பலர் கல்வி நிரம்பியவர். தம் மாணாக்கர்மாட்டு மெய்யன்பு உடையவர். அன்புடையார் கையிலும் பிரம்பு இருந்தமையாலேயே இவ்வினா எளிதில் முடிவுபெறுவதாயில்லை.

அரசின் சட்டம் தன்னளவில் முடிவு கூறிவிட்டது. உலக நாடுகளுட் போலந்து 1783ஆம் ஆண்டிலேயே பள்ளிகளில் அடித்தலை விலக்கிற்று. சுவீடன் 1979ஆம் ஆண்டிற் பெற்றோர் அடித்தலையும் சட்டத்தால் விலக்கிற்று. தமிழ்நாட்டரசு 2003ஆம் ஆண்டிற் கல்வி விதிகளைத் திருத்தி உடல்தண்டனையை நீக்கிற்று. 6 முதல் 14 அகவை வரையுள்ள சிறார்க்குக் கட்டணமின்றிக் கட்டாயக்கல்வி வழங்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டம், 1.4.2010 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தை வருத்தும் தொல்லையையும் ஒருங்கே விலக்குகின்றது. ஆயினும் சட்டம் கையைத் தடுக்குமேயன்றிக் கருத்தைத் திருத்தாது. சட்டத்துக்கு அஞ்சிப் பிரம்பைப் பரணில் எறிந்த ஒருவர், 'அஃது இருந்தாலன்றோ இப்பிள்ளைகள் உருப்படும்' என்று உள்ளூர வருந்துவாராயின், அப்பிரம்பு அவர் நாவிலே குடிபுகும்; வசையாய் வெளிப்படும். அன்றேல், 'எனக்கென்ன, எப்படியாயினும் போகட்டும்' என்னும் புறக்கணிப்பாய் முடியும். ஆகலின் சட்டத்தின்மேலும் ஒருபடி சென்று, சித்தாந்த நெறியில் இதனைத் தெளிதல் சைவ நன்மக்கட்குக் கடனாம்.

பிரம்பை ஆதரிக்கும் சைவர் கூறுவன நான்கு. ஒன்று: அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தில், தம் சொல்வழி நில்லாத மக்களைப் பெற்றோர் அதட்டியும் வளாரினால் அடித்தும் கட்டியிட்டும் திருத்துதல் பரிவேயாதல் போல, இறைவன் முனிவதும் அருளேயாம் என்று நிறுவினார். ஆகவே அடித்தல் அன்பின் செயலென்று ஆசாரியரே ஒப்பினாராயிற்று. இரண்டு: மருள்நீக்கியாரைச் சூலைநோயால் வருத்தியன்றோ இறைவன் ஆட்கொண்டான், துன்புறுத்தித் திருத்துதலே மறக்கருணை. மூன்று: அடியாத மாடு படியாது என்பது உலகறிந்த பழமொழி. நான்கு: கவாத்துச் செய்யாத திராட்சைக்கொடி காய்ப்பதில்லை, வெட்டுதலும் தோட்டக்காரன் அன்பே. இவை முறையே ஆராயத்தக்கன.

முதலாவது, சித்தியார்ச் செய்யுள். உவமையாவது அறிந்ததொன்றைக் காட்டி அறியாததொன்றை விளக்குவது. உலகில் நிகழக் காண்கின்ற தாய்தந்தையர் செயலைக் காட்டி, காணப்படாத இறைவன் செயலிற் பகைமை இல்லையென்று விளக்குதலே ஆசாரியர் கருத்து. இறைவன் வன்கண்ணன் என்பாரை மறுக்க எழுந்த செய்யுளை, பிள்ளைகளை அடிமின் என்னும் விதியாகக் கொள்ளுதல் உவமையைத் தலைகீழாக்குவதாம். முகத்துக்குத் திங்களை உவமை கூறினார் எனின், திங்களுக்குக் கண்ணும் மூக்கும் உண்டென்று கூறினாராகார். பெற்றோரின் பரிவு இறைவனிடத்து உண்டென்றால், இறைவனது உரிமை பெற்றோரிடத்தும் ஆசிரியரிடத்தும் உண்டென்பது பெறப்படாது.

மறக்கருணை மறமாய் ஒழியாது கருணையாதற்கு மூன்று ஏதுக்கள் உள. இறைவன் முற்றறிவுடையன், ஓர் உயிர் செய்த வினையும், அதன் தொகையும், இப்போது நுகரத்தக்க பகுதியும் அவன் அறிவான். அவன் விருப்பு வெறுப்பு இல்லான். ஆதலின் அவன் முனிவிலே தன்பொருட்டு ஒன்றும் இல்லை. அவன் அளவறிந்து ஊட்டுவான்; மலம் பரிபாகமுறுதற்கு எத்துணைத் துன்பம் வேண்டுமோ அத்துணையே கூட்டுவன்; அதன்மேல் ஒரு தினையளவும் கூட்டான். இம்மூன்றும் கூடியவழியே தண்டம் அருளாகும். ஒன்று குறையினும் அது வெறும் தண்டமே.

ஆசிரியரிடத்து இம்மூன்றும் உளவோ? வாயிலில் நிற்கும் பிள்ளை ஏன் பிந்தி வந்ததென்பதை அவர் அறியார். விடியுமுன் எழுந்து தங்கைக்குத் தாயாய் நின்றமையால் பிந்திற்று என்னும் உண்மையை, அச்சத்தால் அப்பிள்ளை சொல்லவும் மாட்டாது. பிந்தி வருதல் குற்றமெனின், அக்குற்றம் யாருடையது? வீட்டு வறுமையை ஒரு மகவின் உள்ளங்கையில் அடித்துத் தீர்த்தல் இயலுமோ? இனி, விருப்பு வெறுப்பின்மை. நாற்பது பிள்ளைகளின் ஆரவாரத்திடையே, தம் வீட்டுக் கவலையும் மேலதிகாரி வருகையும் மனத்தை அலைக்க நிற்கும் ஒருவர், 'எனக்கு வெகுளி சிறிதும் இல்லை. இவன் நன்மை ஒன்றே கருதி அடிக்கின்றேன்' என்று தம் நெஞ்சறியக் கூறவல்லரோ? வல்லராயின், வெகுளி தணியும் வரை, அஃதாவது மறுநாள் காலை வரை, அத்தண்டத்தை ஒத்திவைத்துப் பார்ப்பாராக. மறுநாள் காலையிற் பிரம்பெடுக்க மனம் எழுவது அரிது. முந்திய நாள் அடித்தது அன்பன்று, வெகுளியே என்பதற்கு இஃது ஒன்றே சான்றாகும். மூன்றாவதாகிய அளவறிதலோ மனிதர்க்கு எட்டாதது. ஒரே அடியை ஒரு பிள்ளை மறுகணமே மறந்து விளையாடும். மற்றொரு பிள்ளை அறுபது ஆண்டு சென்றும் மறவாது.

அற்றேல், அடிபடுதல் அப்பிள்ளையின் பிராரத்தம். ஆசிரியர் கருவி மாத்திரமே எனின், அது பொருந்தாது. நுகர்வோனுக்குப் பிராரத்தமாய் வருவது, செய்வோனுக்கு ஆகாமியமாய் ஏறுகின்றது. அன்றெனின், கள்வனும் கொலைஞனும் திருவருட்கருவிகள் எனப்பட்டு, உலகிற் பாவமென்பதே இல்லையாய் முடியும்.

கண்ணாற் கண்ட குற்றத்துக்கேனும் அடிக்கலாமே எனின், எச்சதத்தன் வரலாறு அதற்கு விடை. விசாரசருமர் உபநயனம் நிகழ்ந்த பருவத்துச் சிறுவர். இக்காலத்தாயின் தொடக்கப்பள்ளியில் இருக்கும் அகவையினர். மகன் பசுக்களின் பாலைக் கறந்து மணலிற் சொரிகின்றான் என்று ஊரார் முறையிட்டனர். தந்தை அச்சொல்லை உடனே நம்பினானல்லன். குராமரத்தின்மேல் மறைந்திருந்து தன் கண்ணாலேயே கண்டான். கண்டதும் பொய்யன்று, பால் மணலின்மேலேயே சொரியப்பட்டது. ஆயினும் அம்மணல் சிவலிங்கமென்பதும், அச்செயல் திருமஞ்சனமென்பதும் அவன் காணவில்லை. இறங்கி வந்து கோலால் முதுகில் அடித்தான். பாற்குடத்தைக் காலால் இடறினான். கண்கூடாகக் கண்டவனே கருத்தைக் காணாது பெரும்பிழை செய்தான் என்றால், ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைமேற் கூறும் கோளைக் கேட்டு அடிக்கும் கைக்கு யாது காவல்? இறைவன் தோன்றி, இனி உனக்குத் தந்தை நாமே என்று அம்மகவை ஏற்றுக்கொண்டான். பிள்ளையின் உள்ளத்தை அறியாது கோலோச்சிய தந்தைமை அந்த இடத்திலேயே முடிந்தது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் எண்ணிப் பார்த்தல் தகும்.

இரண்டாவது, மருள்நீக்கியார் வரலாறு. அதனைப் பிரம்புக்குச் சான்றாகக் காட்டுவோர் அவ்வரலாற்றின் ஒரு பாதியை மறந்தனராவர். சூலை தந்தவன் இறைவன். திலகவதியார் செய்தது யாது? தம்பி வழிதவறிப் போயினான் என்று வருந்தினார்; அவனை மீட்குமாறு திருவதிகைப் பெருமானிடம் பன்முறை முறையிட்டார்; திருவலகும் திருமெழுக்கும் இட்டுத் தம் தொண்டினை வழுவாது ஆற்றினார். தம்பி நோயோடு இரவில் வந்து அடியில் விழுந்தபோது, 'அன்றே சொன்னேனே' என்று ஒரு சொல்லும் இடித்துக் கூறினாரல்லர், எடுத்தார், திருநீறு அளித்தார், திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். இவ்விருவர் செயலும் சேர்ந்தே ஆட்கொள்ளல் நிறைவேறியது. தண்டம் இறைவன் பங்கு. ஏற்றுக்கொள்ளுதல் மனிதர் பங்கு. தவறு செய்த பிள்ளைக்கு உலகமும் அதன் வினையுமே தண்டம் தரும். கீழே விழுந்து முழங்கால் சிராய்க்கும். நண்பன் பேசாது விலகுவான். கணக்குத் தவறிப் போகும். அத்தண்டம் பெற்று மீளும்போது எடுத்தணைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவராய் நிற்றற்கே ஆசிரியர் அமைந்தனர். அவரும் பிரம்போடு நிற்பாராயின், பிள்ளை மீளுதற்கு இடம் ஏது? இக்கட்டுரையின் முடிபு முழுவதும் இவ்வொன்றில் அடங்கும். ஆசிரியர் சூலையாதற்கு உரியரல்லர், திலகவதியாராதற்கே உரியர்.

மூன்றாவது, பழமொழி. மாடு படியுமோ படியாதோ என்பதற்கு மாடு மேய்த்தவரையே கேட்டல் முறை. மேற்கூறிய விசாரசருமர் வரலாற்றின் தொடக்கம் அதற்கு விடையாய் அமைந்துள்ளது. சேய்ஞலூரில் இளம்பசு ஒன்று தன்னை மேய்த்த ஆயனைக் கொம்பால் முட்டப்போயிற்று. அவன் கோலால் அதனை அடித்தான். பசுவின்மேற் குற்றம் இல்லையென்று கூற இயலாது. ஆயினும் விசாரசருமர் அடியைத் தடுத்தார். தடுத்ததோடு அமையாது, அந்நிரையைத் தாமே மேய்க்கும் பொறுப்பையும் ஏற்றார். நல்ல புல்லுள்ள இடத்துக்கு ஓட்டினார்; நல்ல நீர் ஊட்டினார்; நிழலில் நிறுத்தினார். அப்பசுக்கள் அவரைக் கண்டால் தாய்போல் உருகித் தாமே பால் சொரிந்தன; உடையவர்க்கும் பால் முன்னினும் மிகுந்தது. அடியாத மாடு படிந்ததோடு நில்லாது, கேளாமலே பாலும் சுரந்தது. இவ்வரலாற்றில் ஆசிரியர்க்குரிய பாடம் ஒன்று உண்டு. அடியாதே என்று தடுத்தல் எளிது. அதன்பின் 'நான் மேய்க்கிறேன்' என்று பொறுப்பேற்றலே அரிது.

நான்காவது, திராட்சைக்கொடி. இது சிறுமலை அடிவாரத்து உழவரைக் கேட்டால் விளங்கும். நட்ட இளங்கொடிக்கு முதலில் வேண்டுவது ஒரு கொழுகொம்பு. அக்கொம்பிற் பையக் கட்டி, பந்தலளவு ஏறவிட்டு, அங்கே நுனி கிள்ளிப் பக்கக்கிளை படரச் செய்வர். தண்டு முற்றிப் பந்தல் நிரம்பிய பின்னரே கவாத்துக் கத்தி வரும். அதுவும் எந்தக் கணுவில் வெட்டுவதென்று எண்ணிப் பார்த்து வெட்டுவதாம். இன்னும் பந்தலேறாத கொடியிற் கத்தி வைப்பவன் தோட்டக்காரனல்லன். தொடக்கப்பள்ளிப் பிள்ளை பந்தலேறாத கொடி. பிற்காலத்தில் தன்னைத் தானே கவாத்துச் செய்துகொள்ளும் அறிவு அதற்கு உண்டாகும். அதுவரை அதற்குக் கோல் வேண்டும், சார்ந்து ஏறுதற்கு.

சார்தல் என்பதே இங்குக் கருதத்தக்க சித்தாந்த உண்மையாம். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுதல்போல, சார்ந்த பொருளின் இயல்பே தன் இயல்பாக நிற்பது. வெகுளியைச் சார்ந்த பிள்ளை வெகுளியையே கற்கின்றது. அடிபட்டுத் திரும்பியவன் வாயிலருகே தன்னினும் சிறியவனை அடிப்பதைக் காணாத ஆசிரியர் இலர். அச்சத்தைச் சார்ந்த பிள்ளை மறைக்கக் கற்கின்றது. செய்த தவற்றை ஒளிக்கவும், பொய்யால் மூடவும், ஆசிரியர் முகத்துக்கு ஒன்றும் முதுகுக்கு ஒன்றுமாய் நடக்கவும் பழகுகின்றது. மறைத்தல் ஆணவ மலத்தின் தொழில். இருளை ஓட்டவேண்டிய இடமே இருளை வளர்க்குமாயின், அங்கு எழுத்து வந்ததாயினும் அறிவு வந்ததாகாது. பிரம்பினால் வகுப்பறை அடங்குவது மெய்; அடங்கியது ஓசையே.

சிவஞான போதத்து எட்டாஞ் சூத்திரம் வேடரிடையே வளர்ந்த அரசகுமரனது நிலையை உயிர்க்குக் காட்டுகின்றது. அவன் தன்னை மறந்து வேடனாகவே வாழ்கின்றான். தந்தையாகிய அரசன் வந்து, 'நீ என் மகன். இவர் இனத்தவன் அல்லை' என்று உணர்த்த, அவன் வேடரை விட்டு நீங்குகின்றான். வேட்டுவக் குற்றங்களை எண்ணிச் சொல்லி அடித்து அவனைத் திருத்தியதாக அங்கே இல்லை. நீ யார் என்று உணர்த்தியதே திருத்தமாயிற்று. 'திருடன்', 'மக்கு', 'தறுதலை' என்று நாள்தோறும் அழைக்கப்படும் பிள்ளை அப்பெயரையே சார்ந்து அதுவாகும். 'நீ நல்லவனாயிற்றே, இஃது உனக்குத் தகுமோ' என்று கேட்கப்படும் பிள்ளை தன் அரசுரிமையை நினைக்கும்.

இங்ஙனம் கூறுங்கால், 'அங்ஙனமாயின் கண்டிப்பே வேண்டாவோ. பிள்ளைகள் மனம்போனபடி திரிய விடுதலோ அருள்?' என்று ஒரு தடை நிகழும். அதற்கு விடை: கண்டிப்பு வேண்டும், கைவிடுதல் அருளன்று. மறக்கருணையும் ஒரு கருணையே. புறக்கணிப்போ எவ்வகைக் கருணையும் அன்று. அடியாமலும் கைவிடாமலும் திருத்துதற்குச் சைவ நூல்களே வழி காட்டியுள்ளன. ஆசாரியன் மாணாக்கனைத் தூய்மை செய்யும் தீக்கை, நயனம், பரிசம், வாசகம், மானசம், சாத்திரம், யோகம், ஔத்திரி என ஏழாம். மீன் நோக்கியும், பறவை தீண்டியும், ஆமை நினைந்தும் தத்தம் குஞ்சுகளை ஆக்குதல் இவற்றுட் சிலவற்றுக்கு உவமை. பக்குவமுற்ற உயிரின் மலத்தை நீக்கும் இவ்வுயர்ந்த செயல்களுள்ளும் அடித்தல் என்பதொன்று இல்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர் தீக்கை செய்வாரல்லர். எனினும் பார்வை, தீண்டல், சொல், நினைவு என்னும் நான்கு வாயில்களும் அவர்க்கும் திறந்தே உள்ளன.

பார்வையின் ஆற்றலுக்கு அருணந்தி சிவாசாரியாரே சான்று. சகலாகம பண்டிதர் என்னும் பெருமையோடு, குழந்தையாகிய மெய்கண்டாரிடம் சென்று, ஆணவ மலத்தின் இயல்பு யாதென்று அவர் வினவினார். மெய்கண்டார் விடை கூறாது, நின்றவரை நோக்கினார். நீ நிற்கும் நிலையே அது என்பது அந்நோக்கின் பொருள். உடனே அவர் அடியில் வீழ்ந்து மாணாக்கரானார். வளாரினால் அடிக்கும் பெற்றோரை உவமை கூறிய ஆசாரியர், தாம் திருத்தப்பட்டது ஒரு பார்வையினால். அவர் செய்யுளைப் பிரம்புக்குத் துணை கொள்வோர் அவர் வாழ்வையும் துணை கொள்வாராக. வகுப்பிற் சலசலக்கும் பிள்ளையின்மேல் வெகுளியின்றி ஒருகணம் நிலைத்த பார்வை, பத்து அதட்டலினும் வலியது. ஆனால் ஆசிரியர் தாம் சலியாது நின்றாலன்றி அப்பார்வை அமையாது.

தீண்டலாவது, கைபற்றி எழுதுவித்தலும் கண்ணீர் துடைத்தலும். உள்ளங்கை எழுத்துக்கு உரிய இடம், அடிக்கு உரியதன்று. சொல்லாவது, காலமறிந்து தனியே அழைத்துக் கூறும் சொல். அதன் மேன்மையைத் தடுத்தாட்கொண்ட வரலாறு காட்டும். இறைவன் சுந்தரரைத் தடுத்தான். தடுத்தது ஓர் ஓலை கொண்டு, அவையின்முன் வழக்குரைத்து. சுந்தரர் வெகுண்டு அவனைப் பித்தன் என்று வைதார். ஓலையைப் பறித்துக் கிழித்தார். முறையோ என்று கேட்டதன்றி அவன் கையோங்கினான் இல்லை. பின்னர், வைத அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுக என்று பணித்தான். பிள்ளை வாய்தவறிக் கூறிய வசையைப் பாட்டின் முதற்சொல் ஆக்குதலினும் மேலான கண்டிப்பு உலகில் உண்டோ? மெய்கண்டார் அருணந்தியாரை நோக்கியதும், இறைவன் சுந்தரரை வழக்கில் வென்று ஆட்கொண்டதும் திருவெண்ணெய்நல்லூர் என்னும் ஓரூரிலேயே நிகழ்ந்தன என்பதும் நினைந்து மகிழற்பாலது. நன்னூலாரும் பாடஞ்சொல்லும் முறையைக் கூறுமிடத்து, காலமும் இடமும் நோக்கி, முகமலர்ந்து, கொள்வோன் கொள்ளும் வகையறிந்து கொடுக்க என்றாரேயன்றிக் கோலெடுக்க என்றாரில்லை. நினைவாவது, பள்ளி விட்ட பின்னும் அப்பிள்ளையை எண்ணுதல். 'இவன் ஏன் இவ்வாறு செய்கின்றான்' என்று ஆராய்தல். அவ்வாராய்ச்சியே பிந்தி வந்த பிள்ளையின் வீட்டு வாயில்வரை ஆசிரியரைக் கொண்டு செல்லும்.

இந்நான்கனோடு தொழில் என்பதொன்றும் வேண்டும். சைவநெறியின் முதற்படி சரியை. அலகிடுதல், மெழுகுதல், மலர் பறித்துத் தொடுத்தல் என உடம்பின் தொழிலாகவே அது தொடங்குகின்றது. உடம்பு அடங்கியபின் உள்ளம் அடங்கும். தொடக்கப்பள்ளி வாழ்வின் சரியை. கொடைரோட்டுக்கு வடக்கே அடுத்துள்ள அம்பாத்துரையை ஒட்டி, 1947ஆம் ஆண்டில் மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். 1937ஆம் ஆண்டில் வார்தாவில் வகுக்கப்பட்ட ஆதாரக்கல்வி முறையை இந்நாட்டுப்புறத்துக்குக் கொணர்ந்த நிலையங்களுள் அஃது ஒன்று. கைத்தொழில் வாயிலாகவே எழுத்தும் எண்ணும் ஒழுக்கமும் கற்பித்தல் அம்முறையின் உயிர். நூல் நூற்கும் பிள்ளை இழையை வெடுக்கென இழுத்தால் அஃது அறும், கைதளர்ந்தால் திரியும். பொறுமையை அங்கே கற்பிப்பது இழையே. மல்லிகைத் தோட்டத்துப் பிள்ளையின் விரல்கள் பூத்தொடுக்க அறிந்தவை. பிந்தி வந்ததற்கு அதனை வெளியே நிறுத்தாது, மற்றப் பிள்ளைகட்குப் பூத்தொடுக்கக் கற்பிக்குமாறு பணித்தால், அது மறுநாள் முந்தி வர முயலும். அன்றி, முந்தி வர இயலாத காரணத்தை அச்சமின்றிக் கூறும்.

இவையெல்லாம் செய்தும் திருந்தாத பிள்ளை உண்டன்றோ எனின், உண்டு. அங்கேதான் ஆசிரியரது தவம் தொடங்குகின்றது. தென்னாப்பிரிக்காவில் ஜொகானஸ்பர்க் நகரையடுத்து 1910ஆம் ஆண்டில் அமைந்த தால்ஸ்தாய் பண்ணையிற் காந்தியடிகள் சிறுவர்கட்கு ஆசிரியராயிருந்தார். அவருள் தமிழ்ச் சிறுவரும் இருந்தனர். அடித்தலை அவர் என்றும் வெறுத்தவர். ஆயினும் பொய்யும் சண்டையும் முரட்டுத்தனமும் மிக்க ஓர் இளைஞனை ஒருமுறை அளவுகோலால் அடித்துவிட்டார். அடிக்கும்போது அவர் உடல் நடுங்கிற்று. இளைஞன் அழுது பொறுத்தல் வேண்டினான், திருந்தியும் வந்தான். பயன் விளைந்ததே என்று அவர் அமைதியுறவில்லை. அவ்வடியில் வெகுளியும் தண்டிக்கும் விருப்பும் கலந்திருந்தன என்று தம் 'சத்திய சோதனை'யில் எழுதி வருந்தினார். பின்னர், தம் பொறுப்பிலிருந்தோர் ஒழுக்கம் தவறியபோது ஏழு நாள் உண்ணாநோன்பைத் தாமே ஏற்றார். மாணவர் குற்றத்தில் ஆசிரியர்க்கும் பங்குண்டென்பது அவர் கருத்து. ஆசிரியர் ஒவ்வொருவரும் பட்டினி கிடத்தல் வேண்டுமென்பது இதன் பொருளன்று. 'இவன் திருந்தாமைக்கு என்பாலுள்ள குறை யாது' என்னும் வினாவை முதலிற் கேட்டல் வேண்டும் என்பதே பொருள். வெகுளி கலவாது அடித்தல் அத்தகையார்க்கே இயலவில்லை எனின், அதனைத் தம்மால் இயலுமென்று கருதுவார் தம்மை நன்கு ஆராய்வாராக.

நிலக்கோட்டை வட்டத்து அணைப்பட்டியை அடுத்து ஓடி மதுரை செல்லும் வையையின் கரையில், முன்னொருகால் ஒரு பிரம்படி வீழ்ந்தது. வந்தியின் ஆளாய்ப் பிட்டுக்கு மண்சுமக்க வந்த பெருமான், கரையடையாது பாடினான், ஆடினான், உறங்கினான். வகுப்பில் இருக்கமாட்டாத ஒரு சிறுவன் செய்வன யாவும் செய்தான். பாண்டியன் பணியிற் குறையைக் கண்டான், முறைதவறா அரசனாகையால் பிரம்பெடுத்தான், முதுகில் அடித்தான். அவ்வடி அவன் முதுகிலும், அரசி முதுகிலும், அமைச்சர் முதலாய எல்லா உயிர்களின் முதுகிலும் ஒருங்கே பட்டது. ஆண்டுதோறும் ஆவணித் திங்களில் மதுரையிற் புட்டுத்திருவிழா அதனை நினைவுறுத்துகின்றது. சுவைமிக்க திருவிளையாடல் என்று அதனைக் கேட்டுச் செல்வதோடு அமைதல் போதாது. எல்லா உயிரினும் பிரிவின்றி நிற்பவன் இறைவன் என்பது சித்தாந்தமாயின், ஒரு மகவின் முதுகில் விழும் அடி வேறெங்கும் படாது என்று யார் கூறவல்லார்? அது முதற்கண் அடித்தவர் நெஞ்சிலே படுகின்றது. உடனே தெரியாவிடினும், ஒருநாள் தழும்பு தெரியும்.

ஆகவே மறக்கருணை இறைவனுக்கே உரிய தொழில் என்றும், அறக்கருணை ஒன்றே மனிதர்க்கு அளிக்கப்பட்டது என்றும் தெளிக. கண்டிப்பில் உறுதியும், உள்ளத்தில் தண்மையும், கைவிடாத பொறுமையும் உடைய ஆசிரியர் ஊர்தோறும் பெருகுவாராக. பள்ளிவாயிலில் அஞ்சி நிற்கும் பிள்ளைகள் அச்சம் நீங்கி உட்புகுவாராக. திருவருள் முன்னிற்க.